உணவுக்குழாய் புற்றுநோய்: சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்து, ஐந்து வாரம் கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து, அப்புறம் ஆபரேஷன் செய்து இப்போது நான்கு வருஷம் ஆகிறது. மணப்பாறைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். இன்றும் காலையில் இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருகிறார். அதைப் பார்த்துவிட்டு, சுற்றுவட்டாரத்தில் யாருக்கு இந்த நோய் வந்தாலும் "டீக்கடைக்காரர் பையனைக் கேளு" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை, அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். சாப்பாடு, தூக்கம், வீட்டுக்குள் படும் பாடு, இதற்கு மட்டும் என்னைக் கேளுங்கள்.

ஆபரேஷனில் என்னதான் செய்தார்கள்? அதைத் தெரிந்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரி ஒடுக்கி, நெஞ்சுக்குள் மேலே இழுத்து, மிச்சமிருக்கும் உணவுக்குழாயோடு தைத்துவிடுகிறார்கள். நெஞ்சுக்குள்ளேயே இணைக்கும் முறையை ஐவர் லூயிஸ் என்ற சர்ஜன் 1946இல் விவரித்தார். கழுத்தில் இணைக்கும் முறைக்கு மெக்கியோன் பெயர், அது 1976. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆக, சோறு தங்கும் பை இப்போது பை இல்லை, ஒரு குழாய். சாப்பிட்டது மேலே ஏறாமல் தடுத்துக்கொண்டிருந்த வால்வும் போய்விட்டது. இரைப்பையை இயக்கும் நரம்பையும் பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோவது, படுத்தால் எதுக்களிப்பது, சில நேரம் சாப்பாடு மடமடவென்று குடலுக்குள் இறங்கி வியர்க்க வைப்பது, எல்லாம் இதனால் வருவதுதான். நோய் திரும்பிவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எவ்வளவு சாப்பிட வைப்பது?

எங்கள் வீட்டில் முதல் சண்டையே இதில்தான். அம்மா தட்டில் வழக்கம்போல் சோறு போட்டு, "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்பார். அப்பா அந்த ஒரு கரண்டியையும் விழுங்கிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுப்பார். அம்மா அழுவார். இப்படியே மூன்று வாரம் போனது. பிறகு ஒரு டயட்டீஷியன் அம்மாவிடம், தட்டை எடுத்துவிட்டுக் கிண்ணம் வையுங்கள் என்றார். பேரனுக்கு வாங்கிய சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் போட்டால் அப்பா காலி செய்துவிடுவார். காலிக் கிண்ணத்தைப் பார்த்தால் அம்மாவுக்கும் மனசு ஆறும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை என்ற கணக்கை விட்டுவிடுங்கள். ஆறு முதல் எட்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணம். பசி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அது குறைந்துவிடும், பலருக்குப் பசி என்ற உணர்வே மாதக்கணக்கில் இருக்காது. அப்பா போனில் அலாரம் வைத்துச் சாப்பிட்டார். சுப்ரபாதம் ரிங்டோன் அடித்தால் கஞ்சி நேரம்.

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். அரை மணி முன்னால், அல்லது அரை மணி கழித்து. இருக்கும் கொஞ்ச இடத்தையும் தண்ணீர் அடைத்துக்கொள்ளும்.

எதைக் கொடுப்பது என்றால், சின்னக் கிண்ணத்தில் எவ்வளவு சத்தை ஏற்ற முடியும் என்று பாருங்கள். ரசம் சாதம் இதமாக இறங்கும், ஆனால் அதையே ஆறு தடவை கொடுத்தால் உடம்பு தேறாது. குழைந்த பொங்கலில் பருப்பைக் கூட்டிப் போட்டு ஒரு ஸ்பூன் நெய், வேகவைத்து மசித்த முட்டை, முள் எடுத்த மீன், தயிர், நிலக்கடலையை நைஸாக அரைத்துக் கலந்த கேழ்வரகுக் கஞ்சி, சாம்பாரில் ஊறிய இட்லி. முதல் சில மாதங்களுக்குப் பரோட்டா, மென்மையான பன், கறித்துண்டு, முருங்கைக்காய் நார் கிட்டவே வேண்டாம். பன் மெத்தென்று இருக்கிறதே என்று பலர் கொடுக்கிறார்கள். எச்சிலோடு சேர்ந்து மாவு உருண்டையாகி அடைப்பதில் அதற்கு நிகர் இல்லை.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் படபடவென்று வருகிறது, வியர்க்கிறது, வயிற்றால் போகிறது. இது என்ன?

இதற்கு டம்பிங் என்று பெயர். சாப்பாடு, அதுவும் சர்க்கரை அதிகமான சாப்பாடு, திடீரென்று சிறுகுடலில் கொட்டும்போது உடம்பு தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. சாப்பிட்ட பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு, வயிற்று முறுக்கல், பேதி வரும். இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறி, அதை அடக்க இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருட்டும். அந்த நேரத்தில் வீட்டில் சுகர் மெஷின் இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துக் குறித்துவையுங்கள். டாக்டருக்கு அந்த நம்பர் மிகவும் உதவும்.

எங்கள் வீட்டில் இதைக் கொண்டுவந்தது ஹார்லிக்ஸ். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாட்டில், கூடவே ஆரஞ்சும் குளுக்கோஸ் பாக்கெட்டும். அலமாரியில் ஒரு கட்டத்தில் ஏழு பாட்டில் நின்றன. சத்து என்று நினைத்து மூன்று ஸ்பூன் பொடியும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தோம். குடித்த கால் மணியில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சர்க்கரையை நிறுத்தி, ஜூஸை நிறுத்தி, ஒவ்வொரு கிண்ணத்திலும் பருப்போ முட்டையோ சேர்த்தபின் பெரிதும் அடங்கியது. சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. பாலை விட்டு மோருக்கு மாறிப் பாருங்கள்.

சர்க்கரை நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. எடையும் சாப்பாடும் குறைந்தபின் பழைய அளவிலேயே மாத்திரையோ ஊசியோ போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவில் புளிப்பும் கசப்புமாகத் தொண்டைக்கு வருகிறது. இருமி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இனி அவர் மட்டமாகப் படுக்கக் கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சிகிச்சை நன்றாகத்தான் செய்தார்கள், வீட்டில் எப்படிப் படுக்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இரண்டாவது வாரம் எதுக்களித்தது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகி, மறுபடி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.

தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், நெஞ்சு உயராது. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வையுங்கள், அரை அடிக்கு மேல் உயர வேண்டும். அல்லது சாய்வான நுரை மெத்தை கடையில் கிடைக்கிறது, தையற்காரரிடம் சொல்லியும் தைக்கலாம். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கட்டும். குனிந்து பூட்ஸ் மாட்டுவது, குனிந்து பெருக்குவது கூட சிலருக்கு எதுக்களிக்க வைக்கும்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் வருவது மஞ்சளாகக் கசந்தால் அது பித்த நீர். அதற்கு அந்த மாத்திரை மட்டும் போதாது, டாக்டரிடம் நிறத்தைச் சொல்லுங்கள்.

எடை எப்போது ஏறும்?

அப்பா 68 கிலோ. ஆறு மாதத்தில் 54. இப்போது 59இல் நிற்கிறது. 68 திரும்பவே இல்லை, இனி வராது என்றும் எங்களுக்குத் தெரியும். முதல் ஆறு மாதத்தில் பழைய எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பது இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நடக்கிறது. அதனால் ஏறவில்லை என்று வருந்துவதை விட, இறங்குவது நின்றதா என்று பாருங்கள். வாரம் ஒரு நாள், ஒரே மெஷினில், காலையில்.

நன்றாகச் சாப்பிட்டும் இறங்கிக்கொண்டே போனால் மலத்தைக் கவனியுங்கள். வெளிறி, எண்ணெய்ப் பிசுக்காக, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை என்று பொருள். சாப்பாட்டோடு விழுங்கும் என்சைம் கேப்சூல் இருக்கிறது. அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இதைத் தெரிந்துகொண்டு டாக்டரிடமும் வீட்டிலும் பேசி முடிவெடுப்பது நல்லது. பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி மூன்றையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடி அடைக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

ஆபரேஷன் ஆகிச் சில மாதங்களுக்குள் என்றால் பெரும்பாலும் தைத்த இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கும். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாக உள்ளே விடும் கேமராக் குழாய்) வழியாக அதை விரித்துவிடுவார்கள். ஒரே தடவையில் முடியாது. அப்பாவுக்கு நான்கு தடவை செய்தார்கள், நான்காவதுக்குப் பிறகு தோசையே இறங்கியது. நாள் கழித்துப் புதிதாக அடைத்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். எதுவானாலும் கஞ்சிக்கு மாறிச் சமாளிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எங்கள் ஊரில் இந்தச் சமாளிப்பில்தான் பலர் மாதங்களைத் தொலைக்கிறார்கள்.

குரல் கம்மிவிட்டது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது.

குரல்நாணுக்குப் போகும் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. ஆபரேஷனில் அது இழுபட்டிருக்கலாம். பலருக்குச் சில மாதங்களில் தானாகச் சரியாகும். அதுவரை தலையை அண்ணாந்து குடிக்கவே கூடாது. நம் ஊர்ப் பழக்கம் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதானே, அதை நிறுத்துங்கள். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, ஒவ்வொரு மடக்காக. ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிஸ்ட் இருந்தால் விழுங்கும் பயிற்சியும் அவர்தான் தருவார். பேச்சுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

வயிற்றில் சாப்பாடு ஊற்றும் டியூப்போடு அனுப்பியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒவ்வொரு தடவையும் ஊற்றும் முன்னும் பின்னும் வெந்நீரை ஆறவைத்துச் செலுத்திக் கழுவுங்கள். வீட்டுக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டாமல் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். மாத்திரையைப் பொடித்துப் போடுமுன் கேளுங்கள், சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் பேதி. டியூப் நழுவி வெளியே வந்துவிட்டால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள். துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும், டியூப்பையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்களுக்கு ஆபரேஷன் இல்லை, கீமோவும் கரண்டும் மட்டும்தான். இதெல்லாம் பொருந்துமா?

வயிறு இடத்தில் இருப்பதால் டம்பிங் தொல்லை இராது. உங்களுக்கு வேறு கணக்கு. கரண்டு வைத்து முடிந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் விழுங்கும்போது எரியும், அது அடங்கும். மாதங்கள் கழித்துக் குழாய் சுருங்கலாம், அதற்கும் விரித்துவிடும் சிகிச்சைதான். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் சில மாதங்களுக்குள் புதிதாக வந்தால் நுரையீரலில் கதிர்வீச்சின் பாதிப்பா என்று பார்ப்பார்கள். கழுத்தில் வைத்திருந்தால் தைராய்டு டெஸ்ட்டை மறக்க வேண்டாம். விரல் நுனி, பாதம் மரத்துப்போவது சில கீமோ மருந்துகளால் வருவது. செருப்பு கழன்றாலே தெரியாது, சுடுதரையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

டீ குடிக்கலாமா?

டீக்கடைக்காரர் வீட்டில் இந்தக் கேள்விக்கு மாதக்கணக்கில் தடை இருந்தது. குடிக்கலாம், ஆறவைத்து. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் வைத்தது. பாய்லரிலிருந்து இறக்கியதும் வாயில் ஊற்றிப் பதம் பார்ப்பது அப்பாவின் முப்பது வருஷப் பழக்கம். அவருக்கு நோய் அதனால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், பீடியும் இருந்தது. இப்போது கிளாஸை இரண்டு முறை ஆற்றி, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

பீடி, சிகரெட், புகையிலை, பாக்கு, மது எதுவும் இனி கிடையாது. ஒரு இடத்தில் வந்தவருக்கு வாயிலும் தொண்டையிலும் புதிதாக இன்னொன்று வரும் அபாயம் இருக்கிறது.

எந்நேரமும் படுத்தே கிடக்கிறார். சோம்பலா, மனசு சரியில்லையா?

இரண்டும் இருக்கலாம், சோம்பல் மட்டும் இல்லை. இந்த அசதி தூங்கினால் போகாது, மாதங்கள் இருக்கும். தெருமுனை வரை நடை, அடுத்த வாரம் பிள்ளையார் கோயில் வரை என்று கூட்டிக்கொண்டே போனால்தான் குறையும். ஆனால் எதிலும் ஆர்வமில்லாமல், யாரோடும் பேசாமல், "என்னால உங்களுக்கெல்லாம் பாரம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அப்பா இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். ஊரில் சொல்லவில்லை. இப்போது அவரே சொல்கிறார்.

வேலைக்கு எப்போது போகலாம்?

உட்கார்ந்த வேலைக்கு மூன்று முதல் ஆறு மாதம் என்பது பலருடைய அனுபவம். மூட்டை தூக்குபவர்கள் சர்ஜனைக் கேட்காமல் தூக்கக் கூடாது.

கல்யாணம், விசேஷத்துக்குப் போவதில்லை என்கிறார்.

பந்திதான் காரணம். இலை நிறையப் பரிமாறுவார்கள், இரண்டு வாய்க்கு மேல் முடியாது. பக்கத்து இலைக்காரர் முடிக்கும்முன் எழுந்தால் மரியாதை இல்லை, உட்கார்ந்தே இருந்தால் "ஏன் சாப்பிடலை?" என்று நாலு பேர். அப்பா ஒரு வருஷம் எங்கும் வரவில்லை. பிறகு அத்தை மகள் கல்யாணத்தில் மாமா அவரைத் தாம்பூலப் பை கொடுக்கும் மேஜையில் உட்கார வைத்தார். வருகிறவர் போகிறவர் எல்லாரோடும் பேச்சு, மேஜைக்கு அடியில் டிபன் பாக்ஸில் தயிர் சாதம். இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் அந்த மேஜை அவருடையது.

விரதம் இருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். முதல் வருஷம் வேண்டவே வேண்டாம். நோயாளிக்கு எந்த மதத்திலும் விலக்கு உண்டு.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. தாம்பத்தியம்?

தடையில்லை. உடம்பு தேறும்வரை ஆசை குறைவாக இருக்கும். சாப்பிட்டதும் வேண்டாம், மட்டமாகப் படுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் "வாழ்க்கைத் தரம்" என்று ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். எதற்கு?

தூக்கிப் போடாமல் நிரப்புங்கள். ஐரோப்பிய அமைப்பு ஒன்று தயாரித்த, உலகம் முழுக்கப் பயன்படும் கேள்வித்தாள் அது. பொதுவாக எல்லாப் புற்றுநோய்க்கும் 30 கேள்வி, உணவுக்குழாய்க்கென்று தனியாக 18. எச்சில் விழுங்க முடிகிறதா, வாய் வறள்கிறதா, மற்றவர் எதிரில் சாப்பிடக் கஷ்டமா என்றெல்லாம் இருக்கும். டாக்டரிடம் "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டு வருகிற அப்பா, ஃபாரத்தில் மட்டும் உண்மையை எழுதினார்.

இப்படிக் கேட்டுத் தொகுத்த ஆய்வுகள் சொல்வது இது: ஆபரேஷன் ஆனதும் எல்லாம் சரிந்து, நோய் திரும்பாதவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்தில் பெருமளவு மீள்கிறது. எதுக்களிப்பும் அசதியும் சிலருக்குத் தங்கிவிடுகின்றன. நெதர்லாந்தில் நடந்த கிராஸ் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் கீமோவும் கரண்டும் சேர்த்து வைத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். அந்தக் கூடுதல் சிகிச்சையால் பிற்பாடு வாழ்க்கைத் தரம் கெடவும் இல்லை.

போக்குவரத்துச் செலவு தாங்கவில்லை.

ரயிலில் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுன்டரில் கொடுங்கள்.

குணமாக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன?

விழுங்க வைக்க முடியும், வலியைக் குறைக்க முடியும். அடைத்த இடத்தில் ஸ்டென்ட் என்ற கம்பி வலைக் குழாயை எண்டோஸ்கோப்பி வழியாக வைத்தால் கூழ், குழைந்த சாதம் இறங்கும். கட்டியான கறியும் பன்னும் அதிலும் சிக்கும். மார்ஃபின் கொடுத்தால் முடிந்தது கதை என்று பயப்படாதீர்கள், சரியான அளவில் அது நல்ல வலி மருந்து. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அடக்கம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

எத்தனை வருஷம் இருப்பார்?

எனக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்வி, ஆனால் எல்லாரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பதும் இதுதான். எந்த ஸ்டேஜ், வெட்டி எடுத்த கட்டியில் உயிருள்ள செல் மிச்சமிருந்ததா, நெறிக்கட்டியில் இருந்ததா என்பதைப் பொறுத்தது. பயாப்ஸி ரிப்போர்ட்டோடு டாக்டரை நேராகக் கேளுங்கள். திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் திரும்பும், அதனால்தான் அப்போது அடிக்கடி வரச் சொல்கிறார்கள்.

எதற்கெல்லாம் உடனே ஓட வேண்டும்?

தண்ணீர்கூட இறங்காவிட்டால். காய்ச்சலோடு மூச்சுத் திணறினால். ரத்த வாந்தி, கருப்பு மலம். திடீரென்று நெஞ்சிலோ வயிற்றிலோ கடும் வலியும் வாந்தியும் வந்தால். குடல் நெஞ்சுக்குள் ஏறிச் சிக்கியிருக்கலாம், வருஷங்கள் கழித்தும் இது வரும்.

எந்த எமர்ஜென்சிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக "இவருக்கு இரைப்பை நெஞ்சுக்குள் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு ஒருமுறை இரவில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, நெஞ்சுக்குள் காற்றும் நீரும் நிற்கிறதே என்று டியூட்டி டாக்டர் பதறிவிட்டார், நெஞ்சில் ஊசி போட்டு நீரை எடுக்கத் தயாரானார். நான் பைக்கில் வீட்டுக்குப் போய் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வந்து காட்டினேன். அதிலிருந்து அதன் ஜெராக்ஸ் ஒன்று அப்பாவின் சட்டைப்பையில், கடை வரவு செலவு நோட்டுக்கு நடுவே மடித்தபடி இருக்கிறது.